மூன்றாம் மாடி முன்மாதிரி வீடு

நெருப்பை முதன்முதலில் மூட்டியவர் யார் என்று வரலாறு குறித்து வைக்கவில்லை. அதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. மூட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். அணைப்பதற்குத்தான் தகுதியான ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஒருவர் நம் காலத்திலேயே, நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் மாடியில், லிஃப்டுக்கு எதிர் வீட்டில் வாழ்ந்தார் என்பது மனித குலத்துக்கே பெருமை. அவருடைய குடும்பத்தினரும் மனித குலத்தில் அடக்கம்தான் என்றாலும், அவர்கள் இந்தப் பெருமையை உணரக் கொஞ்சம் தாமதமானது.

எல்லோரும் அவரைக் கண்காணிப்பாளர் என்றே அழைத்தார்கள். ஓர் அலுவலகத்தின் கோப்புப் பிரிவுக்கு அவர் கண்காணிப்பாளர். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்ப மாட்டார். மேஜைக்கு எதிரே மூச்சு வாங்க வந்து நின்ற ஒரு முதியவரிடம், "நீங்க உயிரோட இருக்கீங்கங்கறதுக்கு ஆதாரம்?" என்று கேட்டு, அவரைத் திருப்பி அனுப்பியவர். முதியவர் அடுத்த வாரம் ஆதாரத்தோடு வந்தார். அதன் பிறகுதான் கண்காணிப்பாளர் அவருக்கு வணக்கமே சொன்னார்.

அந்த மாதம் மின்கட்டண ரசீது புது வடிவத்தில் வந்தது. அதில் மூன்று வீடுகளின் படம். முதல் வீடு சிறியது. அதன் மேல் ஒரு வட்ட முகம் சிரித்துக்கொண்டிருந்தது. கீழே, 'உங்கள் கட்டிடத்தின் முன்மாதிரி வீடு' என்று போட்டிருந்தது. இரண்டாவது, 'சராசரி வீடு'. அதன் முகத்தில் வாய் ஒரு நேர்கோடு. மூன்றாவது வீடு பெரியது. அதன் முகத்தில் உதட்டின் இரு ஓரங்களும் கீழே தொங்கின. 'உங்கள் வீடு.'

கண்காணிப்பாளர் ரசீதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். முகம் சிரித்தது; வீடு தலைகீழானது.

"என் சர்வீஸ்ல ஒரு காகிதம்கூட என்னைப் பார்த்து இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டதில்ல" என்றார் மனைவியிடம்.

மனைவி உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. எனவே மின்சாரம் குறித்து அந்த வீட்டில் அவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அன்று மாலையே 'குடும்ப எரிசக்திக் குழு'வின் முதல் கூட்டம் உணவு மேஜையில் கூடியது. வந்திருந்த அனைவரையும் தலைவர் வரவேற்றார். அனைவரும் என்பது மனைவியும், எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும். மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர்.

"ஃபிரிட்ஜ் கதவு ரப்பர் கிழிஞ்சிருக்குங்க" என்றார் மனைவி. "ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன். குளிர் முழுக்க வெளியே போகுது, மோட்டார் நிக்காம ஓடுது. அந்த ரப்பரை மாத்துங்க. ஹால்ல இருக்கிற குண்டு பல்பைக் கழட்டிட்டு எல்.ஈ.டி. போடுங்க. கீசர்ல சூட்டைக் கொஞ்சம் குறைச்சு வைங்க. பில்லு தானா இறங்கும்."

கண்காணிப்பாளர் அனுதாபத்தோடு புன்னகைத்தார். விஷயம் தெரிந்தவர்களிடம் இருக்கும் குறுகிய பார்வை அவருக்குப் பழக்கமானதுதான்.

"இதெல்லாம் பொருளைத் திருத்துற வேலை. நான் பேசுறது மனுஷனைத் திருத்துறதைப் பத்தி."

"ரப்பரை விட மனுஷன் மலிவாப்பா?" என்று கேட்டாள் வாலு.

"உறுப்பினர் குறுக்கிடக் கூடாது."

சீர்திருத்தங்கள் அடுத்தடுத்து அமலுக்கு வந்தன. ஃபிரிட்ஜைத் திறக்கும் முன், உள்ளேயிருந்து எடுக்கப்போவது என்ன என்பதை உரத்த குரலில் அறிவிக்க வேண்டும். வாலு ஒரு நாள், "பால்!" என்று அறிவித்துவிட்டுப் பாலோடு ஒரு தக்காளியையும் எடுத்துவிட்டாள். அது நடைமுறை மீறல். தக்காளியை உள்ளே வைத்து, கதவை மூடி, "தக்காளி!" என்று அறிவித்து, மறுபடி திறந்து எடுக்கும்படி உத்தரவாயிற்று. கதவு இரண்டு முறை திறந்தாலும் ஒழுங்கு காப்பாற்றப்பட்டது. கிழிந்த ரப்பர் வழியாகக் குளிர்க் காற்று மட்டும் எந்த அறிவிப்பும் இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது.

மின்விசிறி ஒன்றே ஓடலாம் என்பதால், குடும்பம் அதன் கீழே பேருந்தில் உட்காருவதுபோல் நெருங்கி உட்கார்ந்தது. ஒற்றுமை வளர்ந்தது. மாலை ஆறரை முதல் எட்டு வரை 'விளக்கு ஓய்வு'. விளக்குகளும் உழைப்பாளிகள்தானே என்றார் கண்காணிப்பாளர். அந்த நேரத்தில் ஆசிரியை விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய், பொது விளக்கின் கீழே உட்கார்ந்து திருத்தினார். வாசல் மணியும் கழற்றப்பட்டது.

"வர்றவங்க என்ன செய்வாங்க?" என்றார் மனைவி.

"வேலை இருக்கிறவன் தட்டுவான். வேலையில்லாதவன் திரும்பிப் போவான். நமக்கு ரெண்டு வகையிலயும் லாபம்."

இதற்கெல்லாம் உறுதுணையாக ஒரு சிறு கருவியையும் வாங்கி வந்தார். சாக்கெட்டில் அதைச் செருகி, அதற்கு மேல் பிளக்கைச் செருகினால், எந்தச் சாமான் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று காட்டும். இஸ்திரிப் பெட்டியை அளந்த அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளிலிருந்து சட்டையைக் கசங்கலாகவே போட்டுக்கொண்டு போனார். கோப்புப் பிரிவில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டி.வி.யிலும் மற்ற பெட்டிகளிலும் அணைத்த பிறகும் கண் சிமிட்டாமல் இருக்கும் சிவப்புப் புள்ளிகளை அவர் சிறப்புக் கவனத்தோடு வேட்டையாடினார். எந்த வேலையும் செய்யாமல், இடத்தில் உட்கார்ந்தபடியே தின்கிறவர்களை அவர் முப்பது வருடமாக அலுவலகத்தில் பார்த்து வந்தவர். அங்கே ஒன்றும் செய்ய முடியவில்லை.

குளியலறை கீசரை மட்டும் அளக்கவில்லை. காலையில் வெந்நீர் தலையில் விழும்போதுதான் அவருக்குச் சிக்கன யோசனைகள் உதித்தன. மூலதனத்தில் கை வைக்கக் கூடாது.

அடுத்த ரசீது வந்தது. உதட்டோரம் கொஞ்சம் மேலே ஏறியிருந்ததாக அவருக்குப் பட்டது. அளவுகோல் வைத்துப் பார்த்த வாலு, "அப்படியேதான்ப்பா இருக்கு" என்றாள். முன்மாதிரி வீட்டின் முகமோ முன்பைவிட நன்றாகச் சிரித்தது.

யார் அந்த மகான்?

கண்காணிப்பாளர் தரைத்தளத்துக்குப் போய் மீட்டர் அறையில் நின்றார். வரிசையாக மீட்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு விளக்கு, செலவுக்குத் தகுந்தபடி மின்னிக்கொண்டிருந்தது. அவருடைய வீட்டு விளக்கு ஓடிவந்தவன் நெஞ்சு மாதிரி அடித்துக்கொண்டது. கீழ்வீட்டு வங்கிக்காரர் குப்பைக் கூடையோடு வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், மீட்டர்கூட பேசிட்டிருக்கீங்க?"

"கேட்டுட்டிருக்கேன்" என்றார் கண்காணிப்பாளர், கண்ணை எடுக்காமல்.

மூன்றாம் மாடிக் கடைசி வீட்டு மீட்டர் மின்னவே இல்லை. நெடுநேரம் நின்று பார்த்தார். ஒரே ஒரு முறை, போனால் போகிறது என்பதுபோல், அது மின்னியது. அவருக்கு உடல் சிலிர்த்தது.

அன்று மாலை துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, வாலுவையும் அழைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறினார். கடைசி வீட்டு வாசலில் விளக்கு இல்லை. கதவு இடுக்கில் வெளிச்சம் இல்லை. உள்ளே பேச்சுக் குரல், பாத்திரச் சத்தம், சமையல் வாசனை எதுவும் இல்லை. மணியை அழுத்தினார். அது அடிக்கவில்லை.

"பாத்தியா!" என்று கிசுகிசுத்தார். "நமக்கு முன்னாடியே கழட்டிட்டாங்க."

"தட்டட்டுமாப்பா?"

"தட்டாதே. மணியையே வேண்டாம்னு வச்சவர் சத்தத்தை விரும்புவாரா?" கதவுப் பிடியில் விரலை வைத்தவர், விரலில் ஒட்டியதைக் காட்டினார். "தூசியைப் பாரு. அவங்க அனாவசியமா கதவைக்கூடத் திறக்கிறதில்ல."

பையிலிருந்து காகிதம் எடுத்து, 'பெருமதிப்புக்குரிய ஐயா, தங்கள் வழியில் நடக்க முயலும் எளியவன் தங்களைச் சந்திக்க நேரம் வேண்டுகிறேன்' என்று எழுதி, வீட்டு எண்ணையும் போட்டுக் கதவின் அடியில் தள்ளினார். பதில் வரவில்லை. ஒரு வாரம் காத்திருந்தும் வரவில்லை. பதிலைக்கூட மிச்சம் பிடிக்கிறார் என்று அவருடைய மதிப்பு இன்னும் உயர்ந்தது.

"அந்த வீட்ல ஆளே இல்லங்க" என்றார் மனைவி. "வீட்டுக்காரம்மா மகன் ஊருக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அப்படி உனக்குத் தோணுது பாரு, அதான் அவங்க சாதனை."

"என்கிட்ட சொல்லிட்டுதாங்க போனாங்க. பெட்டியை நான்தான் லிஃப்ட்ல ஏத்திவிட்டேன்."

"அதுக்கு ஆதாரம் இருக்கா?"

ஆசிரியை கையிலிருந்த விடைத்தாளில் ஒரு பெரிய தப்புக் குறி போட்டார். அது மாணவனுக்கு உரியதா என்பது தெரியவில்லை.

இந்த நிலையில்தான் மாமனாருக்குக் கண் அறுவை சிகிச்சை வந்தது. அவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். தனியாக வேறு ஊரில் இருந்தார். ஒரு கண்ணில் ஏற்கெனவே பார்வை இல்லை. இன்னொரு கண்ணில்தான் இப்போது அறுவை சிகிச்சை.

"இது சரியாகலன்னா அப்பா இனிமே தனியா இருக்க முடியாது" என்றார் மனைவி. அவர் குரல் அப்படி இறங்கி வாலு கேட்டதில்லை. "ஒரு மாசம் நம்ம வீட்ல இருக்கட்டும். நான் பாத்துக்கிறேன். நீங்க வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க."

ஒரு மனிதர் கூடினால் ஏறக்கூடிய யூனிட்டுகளைக் கண்காணிப்பாளர் மனதில் ஓட்டிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"கண்ணுல கட்டுப் போட்டிருப்பாங்க இல்ல?"

"ஆமா."

"அப்ப விளக்கே தேவைப்படாது. டி.வி.யும் பாக்க மாட்டார். தாராளமா வரட்டும்! இந்த வீட்டுக்கு ஏத்த விருந்தாளி."

மாமனார் கட்டோடு வந்து இறங்கினார். மறுநாள் மாலை கட்டை அவிழ்க்கலாம், பார்வை எப்படி என்று அப்போதே தெரிந்துவிடும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரு நாள் முழுக்க மாமனார் கதவு எங்கே, சுவர் எங்கே என்று கையால் தடவிக்கொண்டு, பேரப்பிள்ளையிடம் ஜோக் அடித்துக்கொண்டிருந்தார். ஜோக்குகளுக்கு நடுவில், "பார்வை வந்துடும்ல?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"வந்துடும் தாத்தா. வந்ததும் முதல்ல என்னைத்தான் பாக்கணும்."

மறுநாள் மாலை. மனைவி கணவனைத் தனியே கூப்பிட்டு, "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஹால்ல லைட் எரியட்டுங்க. அப்பா கட்டை அவுக்கப் போறேன்" என்றார்.

"பரிசீலிக்கிறேன்."

"பரிசீலிக்க என்ன இருக்கு?"

"விதிவிலக்குதான் விதிக்கு முதல் எதிரி. இருந்தாலும் பரிசீலிக்கிறேன்."

மனைவி, "அப்பா, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வர்றேன், கட்டைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனார். மாமனாருக்குப் பொறுக்கவில்லை. விரலால் ஒட்டுப்பட்டையின் ஓரத்தைப் பிரித்தார். கண்காணிப்பாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் ஆறரையைத் தொட்டது. பரிசீலனை இன்னும் முடிந்திருக்கவில்லை, நடைமுறையோ நிற்காது. அவர் சுவிட்சை அணைத்த நொடியில் மாமனார் கட்டை அவிழ்த்தார்.

வெளியே வானம் மூடிக்கொண்டு இருட்டியிருந்தது. ஜன்னல் திரைகளும் போட்டிருந்தன.

"ஐயோ!" என்று ஓர் அலறல். "கண்ணு போச்சு! கண்ணு போச்சும்மா!"

"தாத்தா, நான் இங்கதான் இருக்கேன்!"

"எங்கடா தங்கம்? ஒண்ணும் தெரியலையே! எல்லாம் இருட்டா இருக்கே! ஒரே ஒரு சிவப்புப் புள்ளிதான் தெரியுது!"

இருட்டில் கண்காணிப்பாளர் துள்ளி எழுந்த சத்தம் கேட்டது.

"சிவப்புப் புள்ளியா? எங்க மாமா?"

"ஐயோ, என் கண்ணு..."

"பதறாதீங்க மாமா, நிதானமா சொல்லுங்க. எந்தப் பக்கம்? இடதா, வலதா? உயரமா, தாழ்வா?"

"கீழே... சுவரோரமா..."

கண்காணிப்பாளர் மண்டியிட்டுத் தவழ்ந்தார். நாற்காலி ஒன்று சரிந்தது. சோபாவுக்குப் பின்னால், தரையை ஒட்டிய சாக்கெட்டில், கள்ளத்தனமாக மின்சாரம் தின்றுகொண்டிருந்த குற்றவாளியை அவர் கையும் களவுமாகப் பிடித்தார். பிடுங்கி எடுத்தார். சிவப்புப் புள்ளி அணைந்தது.

"அதுவும் போச்சு!" என்று மாமனார் கதறினார்.

அந்த நேரம் குளியலறையிலிருந்து ஓடி வந்த மனைவி விளக்கைப் போட்டார்.

வெளிச்சத்தில் தெரிந்தவை: சோபாவில் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் தாத்தா. அழும் வாலு. தரையில் நான்கு காலில் நிற்கும் கண்காணிப்பாளர். அவர் கையில் அவரே வாங்கிய மின் அளவைக் கருவி. வாங்கிய நாளிலிருந்து அது மட்டும் அந்த வீட்டில் ஒரு நிமிடம்கூட ஓய்வெடுத்ததில்லை.

மாமனார் கண்ணைச் சிமிட்டினார். கூசிய கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, விரல் இடுக்கு வழியாகப் பேத்தியைப் பார்த்தார். "தெரியுது" என்றார் மெதுவாக. "ரெட்டைப் பின்னல். மூக்கு ஒழுகுது."

வாலு சிரித்தாள். தாத்தாவும் சிரித்தார். ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை.

"என்னங்க, எங்கப்பா கண்ணு போச்சுன்னு கத்துறார். நீங்க புள்ளி எங்கன்னு கேக்குறீங்க."

"அதைத்தானே அவரும் சொன்னார்..."

"அப்பா, சிவப்பைப் பாத்தா டிரைவர் என்ன செய்யணும்?"

"வண்டியை நிறுத்தணும்" என்றார் மாமனார்.

"நிறுத்திட்டேன். வாலு, துணியை எடுத்து வை. நாளைக்குக் காலையில தாத்தா வீட்டுக்குப் போறோம். பள்ளிக்கூடத்துக்கு அங்கேருந்து ரயில்ல வந்துக்கலாம்." பிறகு கணவன் பக்கம் திரும்பினார். "அந்த ரப்பரை மாத்துங்க. மணியை மாட்டுங்க. மாட்டினதும் போன் பண்ணுங்க, வர்றேன்."

மறுநாள் கறுப்புக் கண்ணாடியோடு படியிறங்கும்போது மாமனார் நின்று சொன்னார்: "மாப்பிள்ளை, நான் ஆயுசுல பாதி இருட்டுல வண்டி ஓட்டினவன். எனக்கு இருட்டு புதுசில்ல. ஆனா எந்தச் சின்ன ஸ்டேஷனா இருந்தாலும் ஒருத்தர் கையில விளக்கோட நிப்பார். அதைப் பாத்தாத்தான் அங்க ஆள் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்."

கண்காணிப்பாளர் மரியாதையாகத் தலையசைத்தார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு விளக்கு என்றால் மொத்தம் எவ்வளவு வீண் என்று அவர் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அதன் பிறகு சீர்திருத்தம் தடையில்லாமல் முன்னேறியது. குழுக் கூட்டங்களில் எதிர்ப்பே எழவில்லை. எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேறின. பால் குடிப்பதற்கு ஆளில்லாததால் ஃபிரிட்ஜும் அணைக்கப்பட்டது. கிழிந்த ரப்பர் பிரச்சினை இப்படியாகச் செலவில்லாமல் தீர்ந்தது. ஒருவர் மட்டும் சமைப்பது வீண் என்று வெளியில் சாப்பிட்டார். யாரும் இல்லாத வீட்டில் வெந்நீர்க் குளியலும் அவருக்கு ருசிக்கவில்லை. யோசனைகளும் உதிக்கவில்லை. இனி உதிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

ரசீது வந்தது. அதில் இரண்டு வீடுகள்தான் இருந்தன. 'சராசரி வீடு' ஒன்று. இன்னொன்றின் கீழே, 'வாழ்த்துகள்! உங்கள் வீடே இந்தக் கட்டிடத்தின் முன்மாதிரி வீடு.' மூன்றாம் மாடிக் கடைசி வீட்டுக்காரம்மா அந்த மாதம்தான் திரும்பி வந்து, எல்லா விளக்கையும் போட்டுப் பெருக்கி மெழுகிக்கொண்டிருந்தார். ரசீதின் மேலே வட்ட முகம் காது வரை சிரித்தது. அந்த வீட்டில் சிரித்த முகம் அது ஒன்றுதான்.

கண்காணிப்பாளர் உடனே போன் செய்தார். வாலு எடுத்தாள். பின்னணியில் மின்விசிறி கடகடத்தது, ரேடியோ பாடியது, மாமனார் யாரையோ கலாய்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாகிட்ட சொல்லு. முகம் சிரிக்குதுன்னு."

"யாரு முகம்ப்பா?"

"ரசீதோட முகம்."

"ஓ." வாலு யாரிடமோ பேசிவிட்டு வந்தாள். "ரப்பர் மாத்தியாச்சா, மணி மாட்டியாச்சான்னு அம்மா கேக்கறாங்க."

கண்காணிப்பாளர் ரசீதைப் பார்த்தார். "இப்பப் போய் எப்படிம்மா? முகம் மாறிடுமே."



"சரிப்பா" என்றாள் வாலு. "தாத்தா உங்களைப் பாத்துக் கையசைக்கிறார். நீங்கதான் இங்க இல்ல."

அன்று மாலை விளக்கு ஓய்வு. கண்காணிப்பாளர் ஹாலில், ஓடாத மின்விசிறியின் கீழே, பழக்க தோஷத்தில் சோபாவின் ஓரமாகவே ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். வெளியே படியேறும் காலடிச் சத்தம். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலடிகள் வாசலில் நின்றன. யாரோ மணியை அழுத்தும் 'டக்' ஒலி கேட்டது. மணி அடிக்கவில்லை.

"பாத்தியா!" என்று கீழ்வீட்டு வங்கிக்காரரின் குரல் கிசுகிசுத்தது. "மணியையே கழட்டிட்டார் மனுஷன்."

"தட்டிப் பாருங்களேன்" என்றது அவர் மனைவியின் குரல்.

"சேச்சே. தொந்தரவு பண்ணக் கூடாது."

கதவின் அடியில் ஒரு காகிதம் சரசரத்து உள்ளே வந்தது. இருட்டில் அதைப் படிக்க முடியவில்லை. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கும் என்று அவருக்கு வரி வரியாகத் தெரியும்.

"எழுந்து வாங்க" என்றார் வங்கிக்காரரின் மனைவி. "வெளிச்சம் இல்ல, சத்தம் இல்ல, அடுப்பு வாசனை இல்ல. வாசல்படியெல்லாம் தூசி. இந்த வீட்ல ஆளே இல்லங்க."

கண்காணிப்பாளர் சட்டென்று எழுந்தார். மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, முப்பது வருடப் பழக்கத்தில், இருட்டில் நாலா பக்கமும் திரும்பி ஆதாரம் தேடினார்.

ஒன்றும் கிடைக்கவில்லை.